லினக்ஸில் இயங்காத பிணைய அட்டை: பழுதறிதலின் வரலாறு (1991–2023)

ஆய்வுச் சுருக்கம்

லினக்ஸ் இயங்குதளத்தில் பிணைய அட்டை இயங்காமற்போவது 1990களின் தொடக்கம் முதல் பயனர்கள் எதிர்கொண்டுவரும் சிக்கலாகும். கையேடுகள் இதனைத் தொழில்நுட்பக் கோளாறு என்ற அளவிலேயே விளக்குகின்றன. அட்டையிலுள்ள சில்லைப் பற்றிய அறிவு யாரிடம் இருந்தது, எவ்வடிவில் இருந்தது, எவ்வழியாகப் பயனரை அடைந்தது என்னும் மூன்று வினாக்களைக் கொண்டு இக்கட்டுரை அச்சிக்கலின் வரலாற்றை ஆராய்கிறது. இன்று பழுதறியப் பின்பற்றப்படும் படிநிலைகள் ஒவ்வொன்றும் ஒரு காலகட்டத்தின் எச்சம் என்பதும், இயக்கிகளின் மூல நிரல் திறக்கப்பட்டபோது மூடிய பகுதி மறைந்துவிடாமல் அட்டைக்குள் இடம்பெயர்ந்தது என்பதும் இதன் முடிவுகளாகும்.

திறவுச் சொற்கள்: லினக்ஸ், பிணைய அட்டை, இயக்கி, ஃபர்ம்வேர், கட்டற்ற மென்பொருள், தொழில்நுட்ப வரலாறு

முன்னுரை

கணினியில் பொருத்தப்பட்ட பிணைய அட்டை மின்சாரம் பெறுகிறது. வேறோர் இயங்குதளத்தில் அதே அட்டை குறையின்றித் தரவை அனுப்பிப் பெறுகிறது. லினக்ஸில் மட்டும் அது இல்லாததுபோல் இருக்கிறது. இந்நிலையைப் பழுது என்று அழைப்பது வழக்கமாயினும், அட்டையில் உடைந்தது எதுவுமில்லை. ஆகவே பழுது எங்கே இருக்கிறது என்னும் வினா எழுகிறது.

இதற்கு விடை காண இயக்கி என்பதன் இயல்பை அறிதல் வேண்டும். அட்டையிலுள்ள சில்லு பல பதிவகங்களைக் கொண்டது. எந்தப் பதிவகத்தில் எந்த எண்ணை எழுதினால் தரவு கம்பியில் ஏறும், எந்த எண்ணைப் படித்தால் தரவு வந்திருப்பது தெரியும் என்பன சில்லை வடிவமைத்தவருக்குத் தெரியும். அந்த அறிவை இயங்குதளம் பின்பற்றத்தக்க நிரலாக எழுதியதே இயக்கியாகும். அவ்வறிவு இயங்குதளத்தை எட்டாதபோது, நல்ல நிலையிலுள்ள அட்டையும் இயங்காது. எனவே இயங்காத அட்டையின் வரலாறு என்பது பெரும்பகுதி அறிவுப் பரவலின் வரலாறே ஆகும்.

தனிக்கணினிகளில் பயன்படும் ஈதர்நெட், வைஃபை அட்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, லினக்ஸ் தோன்றிய 1991 முதல் டெபியன் 12 வெளிவந்த 2023 வரையிலான காலத்தை இக்கட்டுரை ஆய்வு எல்லையாகக் கொள்கிறது.

1. சில்லின் விவரம் கிடைத்த காலம்

ஹெல்சின்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட முதற்பதிப்பில் பிணைய வசதி இல்லை. ராஸ் பைரோ முதல் பிணைய நிரலையும் வெஸ்டர்ன் டிஜிட்டலின் டபிள்யூடி8003 அட்டைக்கான இயக்கியையும் எழுதினார். அப்பணியை ஃப்ரெட் வான் கெம்பனும், அவருக்குப்பின் ஆலன் காக்ஸும் தொடர்ந்தனர். 1994 மார்ச்சில் வெளிவந்த 1.0 பதிப்பில் பிணைய வசதி கெர்னலின் உறுப்பாகவே இடம்பெற்றது.

இக்காலத்து ஈதர்நெட் அட்டைகளுள் பெரிதும் பரவியது நோவெல் நிறுவனத்தின் என்இ2000 வகையாகும். அதன் நடுவிலிருந்த டிபி8390 சில்லை நேஷனல் செமிகண்டக்டர் உருவாக்கியது. அச்சில்லின் பதிவகங்களை விளக்கும் ஏட்டை அந்நிறுவனமே வெளியிட்டிருந்தது. அதனால் பல உற்பத்தியாளர்கள் என்இ2000ஐப் போன்ற மலிவான அட்டைகளைச் செய்தனர். அதே காரணத்தால் லினக்ஸுக்கான இயக்கியை வெளியார் எழுதவும் முடிந்தது. அறிவு திறந்திருந்தமையால் போலி அட்டைகளும் பெருகின, இயக்கியும் பிறந்தது.

ஆயினும் அட்டைகள் இயங்காமற்போயின. காரணம் வேறிடத்தில் இருந்தது. ஐஎஸ்ஏ எனப்பட்ட பழைய இணைப்பு முறையில் அட்டை தன்னைத்தானே அறிவிப்பதில்லை. அதன் உள்ளீட்டு வெளியீட்டு முகவரியையும் குறுக்கீட்டு எண்ணையும் அட்டையின் மேலுள்ள ஜம்பர்களை இடம்மாற்றிப் பயனரே குறித்தார். இயக்கி அந்த அட்டையைத் தேடும்போது வழக்கமான முகவரிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க நேர்ந்தது. அம்முகவரியில் வேறு சாதனம் இருப்பின் கணினியே உறைந்துபோவதும் உண்டு. இதனைத் தவிர்க்கவே குறிப்பிட்ட முகவரிகளைத் தொடாமலிருக்கச் சொல்லும் கட்டளையும், அட்டையின் முகவரியை நேரே அறிவிக்கும் கட்டளையும் கெர்னலின் தொடக்க வரியில் சேர்க்கப்பட்டன. என்இ2000 இயக்கியைத் தனி மாட்யூலாக ஏற்றும்போது முகவரியைப் பயனர் கட்டாயம் தரவேண்டும் என்ற விதியும் இதன் விளைவே.

குறுக்கீட்டு எண் மோதல் மற்றொரு சிக்கலாகும். இரண்டாம் தொடர் துறை வழக்கமாக 3ஆம் எண்ணைப் பயன்படுத்தியது. பிணைய அட்டைக்கும் அதே எண் குறிக்கப்பட்டிருந்தால் அட்டை கண்டறியப்படும். ஆனால் தரவு நகராது. கெர்னல் தரும் குறுக்கீட்டுப் பட்டியலில் அட்டைக்குரிய எண்ணிக்கை உயர்கிறதா என்று பார்ப்பதே இதைக் கண்டறியும் வழி. இத்தகைய அனுபவங்களை பால் கோர்ட்மேக்கர் பராமரித்த ஈதர்நெட் வழிகாட்டி அட்டைவாரியாகத் தொகுத்தது. எந்த அட்டை இயங்கும், எது அரைகுறையாக இயங்கும், எதைத் தவிர்க்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்ன அவ்வேடு, அக்காலத்து வன்பொருள் சந்தையை அறிய உதவும் முதன்மைச் சான்றாகவும் இன்று பயன்படத்தக்கது.

இக்காலத்தில் மிகுதியான ஈதர்நெட் இயக்கிகளை எழுதியவர் டொனால்ட் பெக்கர். நாசாவின் கோடார்ட் விண்வெளி மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்குடன் இணைந்து 1994இல் அவர் உருவாக்கிய பேயோவுல்ஃப் கணினித்தொகுதி, 16 சாதாரணக் கணினிகளை ஈதர்நெட்டால் இணைத்து ஒரே கணக்கீட்டுக் கருவியாக்கியது. விலையுயர்ந்த மீக்கணினிக்கு மாற்றாகக் கடைச்சரக்கு அட்டைகளை நம்பிய அத்திட்டத்திற்கு, அட்டைகள் லினக்ஸில் ஒழுங்காக இயங்குவது அடிப்படைத் தேவையாயிற்று. அட்டையின் உள்நிலையைப் படித்துக் காட்டும் சிறு பரிசோதனை நிரல்களையும் பெக்கர் வெளியிட்டார். அட்டை இயங்காதபோது ஊகிப்பதற்குப் பதிலாக அளந்து பார்க்கும் முறை இவற்றால் வலுப்பெற்றது.

2. அடையாள எண்ணும் பெட்டியின் பெயரும்

1990களின் நடுப்பகுதியில் பிசிஐ இணைப்பு முறை பரவியது. இதில் ஒவ்வோர் அட்டையும் உற்பத்தியாளர் எண், சாதன எண் என்னும் இரு 16 பிட் எண்களைத் தாங்கி வருகிறது. இன்டெல் நிறுவனத்தின் எண் 8086 என்பது பலர் அறிந்த எடுத்துக்காட்டு. அட்டை தன்னைத்தானே அறிவிக்கத் தொடங்கியதும், முகவரி தேடலும் ஜம்பர் மாற்றமும் படிப்படியாக வழக்கொழிந்தன. மார்ட்டின் மாரெஷ் எழுதிய எல்எஸ்பிசிஐ என்னும் கட்டளை இவ்வெண்களைப் பட்டியலிட்டுக் காட்டியது. பழுதறிதலின் முதற்படி அன்றுமுதல் இதுவே ஆயிற்று.

ஆனால் அடையாள எண் ஒரு புதிய உண்மையையும் வெளிப்படுத்தியது. கடையில் விற்கும் பெட்டியின் மேலுள்ள பெயர் உள்ளிருக்கும் சில்லை அறிவிப்பதில்லை. லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூபிசி11 என்னும் கம்பியில்லா அட்டையின் 3ஆம் பதிப்பு இன்டர்சில் நிறுவனத்தின் ப்ரிசம் சில்லைக் கொண்டது. அதே பெயரில் வந்த 4ஆம் பதிப்பில் ரியல்டெக் சில்லு இருந்தது. டி-லிங்க் நிறுவனத்தின் டிடபிள்யூஎல்-650 ப்ரிசம் சில்லுடன் வந்தது. பெயரின் இறுதியில் ஒரு கூட்டல் குறி மட்டும் சேர்ந்த அட்டையில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சில்லு இருந்தது. இயங்கும் என்று கேட்டறிந்து வாங்கிய அட்டை இயங்காமற்போனதற்கு இப்பெயர் மயக்கம் ஒரு முக்கியக் காரணமாகும். உற்பத்தியாளருக்கு இது வெறும் கொள்முதல் மாற்றம். விண்டோஸுக்கான இயக்கி குறுவட்டில் உடன் வந்ததால் அந்த இயங்குதளத்தின் பயனர் அம்மாற்றத்தை உணரவில்லை. லினக்ஸ் பயனரோ அட்டையைச் சில்லின் பெயரால் அறியக் கற்றுக்கொள்ள நேர்ந்தது.

3. கம்பியில்லா அட்டையும் மூடிய ஏடும்

802.11 தரம் 1997இலும் அதன் விரிவாகிய 802.11பி 1999இலும் வெளிவந்தன. எச்பி நிறுவனத்தில் பணியாற்றிய ஷான் டூரில்ஹெஸ் கம்பியில்லா அட்டைகளுக்கான பொது இடைமுகத்தையும் கட்டளைகளையும் லினக்ஸுக்கு உருவாக்கினார். ப்ரிசம் சில்லுகளுக்கு யௌனி மாலினென் எழுதிய இயக்கி, சாதாரணக் கணினியையே அணுகுநிலையமாக மாற்றவும் உதவியது. இத்தொடக்கம் நம்பிக்கையளிப்பதாகவே இருந்தது.

அடுத்துவந்த சில்லுகளில் நிலைமை மாறியது. சில்லின் விவர ஏடுகள் வெளியாருக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் இரகசியக் காப்பு உடன்படிக்கையின்பேரிலேயே கிடைத்தன. இதற்கு இரு காரணங்களைக் காணலாம். ஒன்று வணிகப் போட்டி. மற்றொன்று வானொலி அலைவரிசைச் சட்டம். எந்த அலைவரிசையில், எவ்வளவு ஆற்றலுடன் ஒலிபரப்புவது என்பது இச்சில்லுகளில் மென்பொருளால் தீர்மானிக்கப்பட்டது. மூல நிரல் வெளியானால் பயனர்கள் தடைசெய்யப்பட்ட அலைவரிசையில் ஒலிபரப்பக்கூடும். அதற்குத் தாங்கள் பொறுப்பாக நேரிடும் என்று உற்பத்தியாளர்கள் வாதிட்டனர்.

2003 மார்ச்சில் இன்டெல் அறிமுகப்படுத்திய சென்ட்ரினோ மடிக்கணினிகள் இச்சிக்கலைப் பெரிதாக்கின. அதுவரை அட்டை இயங்கவில்லையெனில் வேறோர் அட்டையை வாங்கும் வழி இருந்தது. மடிக்கணினியில் அட்டை உள்ளேயே அமைந்து வந்ததால் அந்தத் தேர்வு குறுகியது. தொடக்கத்தில் அதற்கு லினக்ஸ் இயக்கி இல்லை. 2004இல் இன்டெல் திறமூல இயக்கித் திட்டத்தைத் தொடங்கியது; அதன் இயக்கிகள் 2005 அக்டோபரில் வெளிவந்த 2.6.14 பதிப்பில் கெர்னலுக்குள் சேர்ந்தன. இயக்கி திறந்திருந்தாலும், அட்டைக்குள் ஏற்றவேண்டிய ஃபர்ம்வேர் மூடிய கோப்பாகவே வழங்கப்பட்டது. இப்பிரிவினை பின்னர் பொது வழக்கானமை குறிப்பிடத்தக்கது.

4. இரவல் இயக்கி

ஏடு கிடைக்காத நிலையில் 2003இல் ஒரு மாற்றுவழி தோன்றியது. பொன்டஸ் ஃபூக்ஸ் தொடங்கி, பின்னர் கிரிதர் பெம்மசானி வளர்த்த என்டிஐஎஸ்ராப்பர் என்னும் நிரல், விண்டோஸுக்காக எழுதப்பட்ட இயக்கிக் கோப்பையே லினக்ஸ் கெர்னலுக்குள் ஏற்றி இயக்கியது. விண்டோஸ் இயக்கி தன் இயங்குதளத்திடம் எதிர்பார்க்கும் செயற்கூறுகளை இந்நிரல் லினக்ஸில் போலச்செய்து அளித்தது. பெட்டியோடு வந்த குறுவட்டிலிருந்த கோப்பே பயனருக்குத் தேவைப்பட்டது.

பயனருக்கு இது பெரும் உதவியாயிற்று. கெர்னல் நிரலாளருக்கோ இது ஒரு சிக்கலான விருந்தாளி. விண்டோஸ் இயக்கிகள் பெரிய அடுக்கு நினைவகத்தை எதிர்பார்த்தன. அக்காலத்தில் லினக்ஸ் 4 கிலோபைட் அடுக்கை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அவ்வாறு அமைக்கப்பட்ட கெர்னலில் இரவல் இயக்கி கணினியை நிலைகுலையச் செய்தது. 64 பிட் கெர்னலுக்கு 64 பிட் விண்டோஸ் இயக்கியே வேண்டும்; அது பல அட்டைகளுக்குக் கிடைக்கவில்லை. மூடிய நிரல் உள்ளே ஏறியதும் கெர்னல் தன்னைக் கறைபட்டதாகக் குறித்துக்கொண்டது. அக்குறியுடன் வரும் பிழை அறிக்கைகளை ஆராயக் கெர்னல் நிரலாளர்கள் மறுத்தனர். மூல நிரல் இல்லாத பகுதியில் நேர்ந்த பிழையை அவர்களால் தேட இயலாது என்பதே காரணம்.

ஜிபிஎல் உரிமம் கொண்ட நிரல்கூறுகளுக்கு மட்டும் திறந்துள்ள கெர்னல் செயற்கூறுகளை இந்நிரல் பயன்படுத்தலாமா என்னும் விவாதம் 2006இலும் 2008இலும் எழுந்தது. என்டிஐஎஸ்ராப்பரின் சொந்த நிரல் ஜிபிஎல் உரிமத்தில் இருந்தது. அது ஏற்றும் கோப்பு அவ்வாறில்லை. இன்று இயங்கும் அட்டையா, நாளை பழுதறியத்தக்க அமைப்பா என்னும் தேர்வு இவ்விவாதத்தின் அடியில் இருந்தது. இரு தரப்பிலும் நியாயம் இருந்தமையால் அது எளிதில் முடியவில்லை.

5. ஒரு குழு படித்தது, மறு குழு எழுதியது

மடிக்கணினிகளில் பெரிதும் காணப்பட்ட பிராட்காம் சில்லுகளுக்குத் தனிக்கணினி லினக்ஸில் இயக்கி இல்லை. ஆனால் வேறோரிடத்தில் அந்நிறுவனத்தின் சில்லு லினக்ஸிலேயே இயங்கிக்கொண்டிருந்தது. லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி என்னும் வீட்டு ரௌட்டரில் லினக்ஸ் பயன்படுத்தப்பட்டது 2003இல் தெரியவந்தது. ஜிபிஎல் உரிமத்தின்படி மூல நிரல் கேட்கப்பட்டு வெளியிடவும் பட்டது. ஓபன்டபிள்யூஆர்டி திட்டம் அதிலிருந்து பிறந்தது. எனினும் வானொலிப் பகுதிக்கான இயக்கி மூல நிரலின்றி இருமக் கோப்பாகவே இருந்தது.

அவ்விருமக் கோப்பைத் தன்னார்வ நிரலாளர்கள் ஆராய்ந்தனர். சட்டச் சிக்கலைத் தவிர்க்க அவர்கள் இரு குழுக்களாகப் பிரிந்தனர். முதற்குழு இருமக் கோப்பைப் பிரித்துப் படித்து, சில்லின் நடத்தையைச் சொல்விளக்கமாக எழுதியது. இரண்டாம் குழு அக்கோப்பைப் பார்க்காமல் அவ்விளக்கத்தை மட்டும் படித்துப் புதிய இயக்கியை எழுதியது. ஒருவர் எழுதிய நிரல் மற்றவர் நிரலின் படியாக ஆகிவிடாமல் காக்கும் முறை இது. உற்பத்தியாளர் வெளியிட்டிருக்கவேண்டிய ஏட்டை முதற்குழு வெளியிலிருந்து மீட்டெழுதியது என்றே கூறலாம். 2005 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட இவ்வியக்கி, 2006 ஜூனில் வெளிவந்த 2.6.17 பதிப்பில் கெர்னலுக்குள் சேர்ந்தது. 2008 ஜனவரியில் வந்த 2.6.24 பதிப்பில் பி43 என்னும் புதிய வடிவம் அதன் இடத்தைப் பெற்றது.

ஆயினும் ஃபர்ம்வேரை மறுபகிர்வு செய்யும் உரிமை அவர்களுக்கு இல்லை. ஆகவே பயனர் தம்மிடமுள்ள இயக்கிக் கோப்பிலிருந்து அதனை வெட்டியெடுக்க ஒரு தனி நிரல் தரப்பட்டது. இயக்கி ஏறுகிறது, இடைமுகத்தின் பெயரும் தெரிகிறது, ஆனால் அட்டை எழவில்லை என்னும் புதுவகைப் புகார் இங்கிருந்தே தொடங்கியது. விடை கெர்னல் பதிவேட்டில் ஒற்றை வரியாக இருந்தது: ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை.

2010 செப்டம்பர் 9 அன்று பிராட்காம் தன் 802.11என் சில்லுகள் சிலவற்றுக்கான இயக்கியைத் திறமூலமாக வெளியிட்டது. பழைய சில்லுகளுக்கு அது உதவவில்லை; அவை தன்னார்வலர் எழுதிய இயக்கியையே தொடர்ந்து நம்பியிருந்தன.

6. உரிமம் குறித்த ஐயமும் அதன் தீர்வும்

ஆதெரோஸ் சில்லுகளின் கதை வேறுவகையானது. இவற்றுக்கான மேட்வைஃபை இயக்கியின் மேற்பகுதி திறந்திருந்தது. சில்லை நேரடியாகத் தொடும் இடைநிலை அடுக்கு மட்டும் இருமக் கோப்பாக இருந்தது. அலைவரிசைக் கட்டுப்பாட்டைக் காப்பதே இப்பிரிவினைக்குச் சொல்லப்பட்ட காரணம். இத்தகைய மூடிய கோப்புகளை ஏற்க மறுத்த ஓபன்பிஎஸ்டி திட்டத்தைச் சேர்ந்த ரைக் ஃப்ளோட்டர் அவ்வடுக்குக்கு ஈடான திறந்த நிரலை எழுதினார். அத்திட்டத்தின் நிறுவனர் தியோ டி ராட், கம்பியில்லா அட்டை உற்பத்தியாளர்களிடம் திறந்த இயக்கிகளுக்காக நடத்திய பரப்புரையும் கருதப்பட்டு, கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2004ஆம் ஆண்டு விருதைப் பெற்றார்.

ஃப்ளோட்டரின் நிரலை லினக்ஸுக்குக் கொண்டுவருவதில் தொழில்நுட்பத் தடையைவிட ஐயமே பெரிய தடையாக இருந்தது. அது ஆதெரோஸின் பதிப்புரிமையை மீறியதாக இருக்குமோ என்ற அச்சத்தில் பணி தேங்கியது. மென்பொருள் சுதந்திரச் சட்ட மையம் அந்நிரலை ஆராய்ந்து, உரிமை மீறல் இல்லை என்று 2007 ஜூலையில் அறிவித்தது. அதன்பின் உருவான ஏடிஎச்5கே இயக்கி 2008 ஏப்ரலில் 2.6.25 பதிப்பில் இடம்பெற்றது. அதே ஆண்டு ஆதெரோஸ் தானே அடுத்த தலைமுறைச் சில்லுகளுக்குத் திறந்த இயக்கியை வெளியிட்டது. பழைய இடைநிலை அடுக்கின் மூல நிரலையும் பின்னர் வழங்கியது. வெளியார் எழுதிக்காட்டிய பின்னர் உற்பத்தியாளர் திறப்பது என்னும் வரிசை பிராட்காமிலும் ஆதெரோஸிலும் பொதுவாகக் காணப்படுகிறது.

7. திறந்த இயக்கியும் அழிந்த அட்டையும்

அறிவு திறந்திருந்தால் பழுது நேராது என்று கருதுவது பிழையாகும் என்பதை 2008ஆம் ஆண்டு நிகழ்வு ஒன்று காட்டுகிறது. இன்டெலின் சில ஈதர்நெட் சில்லுகளுக்கான இ1000இ இயக்கியை இன்டெல் பொறியாளர்களே திறமூலமாகப் பராமரித்துவந்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் 2.6.27 பதிப்பின் சோதனை வடிவங்களை நிறுவியவர்களுள் சிலருக்கு அட்டை இயங்காமற்போனது. அட்டையின் அழியா நினைவகத்திலிருந்த தரவே சிதைந்திருந்ததால், வேறு இயங்குதளத்திலும் அந்த அட்டை பயன்படவில்லை. உபுண்டு போன்ற வழங்கல்கள் தம் சோதனைப் பதிப்புகளில் அந்த இயக்கியையே முடக்கிவைத்தன.

ஐயம் முதலில் இயக்கியின்மேல் விழுந்தது. காரணமோ அதனோடு தொடர்பற்ற பகுதியில் இருந்தது. கெர்னலின் செயற்கூறுகளைப் பின்தொடரும் எஃப்டிரேஸ் என்னும் வசதி, தொடக்கத்தில் மட்டும் பயன்பட்டு விடுவிக்கப்பட்ட நினைவக முகவரிகளையும் தன் பட்டியலில் வைத்திருந்தது. அம்முகவரிகள் பின்னர் பிணைய அட்டையின் நினைவகத்துக்கு ஒதுக்கப்பட்டபோது, பழைய பட்டியலை நம்பி அவ்வசதி அங்கே எழுதியது. 2008 அக்டோபர் 9 அன்று 2.6.27 வெளியானது, சில நாட்களில் வந்த 2.6.27.1 அவ்வசதியை முடக்கியது. அட்டையின் நினைவகம் எளிதில் எழுதப்படாதவாறு இன்டெல் பொறியாளர்களும் இயக்கியில் பூட்டு அமைத்தனர்.

இயக்கி, எஃப்டிரேஸ் ஆகிய இரண்டின் மூல நிரலும் திறந்திருந்தமையால், ஒரு பகுதியின் பிழையை மற்றொரு பகுதியின் விளைவிலிருந்து பின்தொடர்ந்து சில வாரங்களில் கண்டறிய முடிந்தது. இடையில் இருமக் கோப்பு ஒன்று இருந்திருப்பின் பழி அதன்மேலேயே தங்கியிருக்கும்.

8. எல்லையின் இடப்பெயர்ச்சி

2007 ஜூலையில் வந்த 2.6.22 பதிப்பில் கம்பியில்லா அட்டைகளுக்கான பொது அடுக்கு கெர்னலுக்குள் சேர்ந்தது. டிவைஸ்கேப் நிறுவனம் வழங்கிய நிரலை அடிப்படையாகக் கொண்ட அவ்வடுக்கு, ஒவ்வோர் இயக்கியும் தனித்தனியே செய்த பணிகளைப் பொதுவாக்கியது. 2010க்குப் பின்னர் பெரும்பாலான அட்டைகளுக்குக் கெர்னலிலேயே இயக்கி இருந்தது. சிக்கல் தீர்ந்ததுபோல் தோன்றினாலும், மூடிய பகுதி ஃபர்ம்வேர் என்னும் பெயரில் தொடர்ந்தது.

முன்னர் ஃபர்ம்வேர் அட்டையிலுள்ள நினைவகச் சில்லிலேயே எழுதப்பட்டு வந்தது. பயனர் அதன் இருப்பை உணரவில்லை. அந்நினைவகத்தின் செலவைத் தவிர்த்த உற்பத்தியாளர்கள், கணினி தொடங்கும்போதெல்லாம் கோப்பிலிருந்து அதனை ஏற்றும் முறைக்கு மாறினர். மூடிய நிரல் அப்போதுதான் ஒரு கோப்பாகக் கண்ணுக்குத் தெரிந்தது. அதன் உரிமம் பற்றிய கேள்வியும் எழுந்தது. கட்டற்ற மென்பொருளை மட்டுமே முதன்மைத் தொகுதியில் ஏற்கும் டெபியன், 2011 பிப்ரவரியில் வெளியிட்ட 6.0 பதிப்பில் கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரைக் கெர்னலிலிருந்து பிரித்தது. கொள்கையளவில் அது நேர்மையான முடிவு. நடைமுறையில் ஒரு சுழல் பிறந்தது: பிணையம் இயங்க ஃபர்ம்வேர் வேண்டும், ஃபர்ம்வேரைப் பெறப் பிணையம் வேண்டும். ஒரே அட்டையுள்ள மடிக்கணினியில் டெபியனை நிறுவ முயன்றவர் வேறொரு கணினியில் கோப்பைப் பதிவிறக்கி வரவேண்டியிருந்தது.

அட்டைக்குள்ளேயே உறைந்திருக்கும் மூடிய நிரலை ஏற்றுக்கொண்டு, கோப்பாக வரும் அதே நிரலை மறுப்பதில் உள்ள முரணும் விவாதிக்கப்பட்டது. 2022 அக்டோபரில் முடிந்த பொதுவாக்கெடுப்பில், நிறுவுகைத் தொகுதியில் அத்தகைய ஃபர்ம்வேரைச் சேர்க்க டெபியன் உறுப்பினர்கள் முடிவுசெய்தனர். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 அதனை நடைமுறைப்படுத்தியது.

ஃபர்ம்வேரையும் திறக்கும் முயற்சிகள் இல்லாமலில்லை. இத்தாலியின் பிரெஷாப் பல்கலைக்கழகத்தில் சில பிராட்காம் சில்லுகளுக்குத் திறந்த ஃபர்ம்வேர் 2009இல் உருவாக்கப்பட்டது. ஆதெரோஸை வாங்கிய குவால்காம், யுஎஸ்பி அட்டைகள் சிலவற்றின் ஃபர்ம்வேர் மூல நிரலை 2013இல் வெளியிட்டது. இவை விதிவிலக்குகளாகவே நின்றுவிட்டன.

9. பழுதறியும் வரிசை ஓர் ஆவணமாக

இன்று லினக்ஸில் அட்டை இயங்காதபோது பின்பற்றப்படும் வரிசையை மேற்கண்ட வரலாற்றோடு ஒப்பிட்டுக் காணலாம். முதலில் அடையாள எண்ணைக் கொண்டு சில்லு அறியப்படுகிறது. இது பிசிஐ முறையின் வரவையும் பெட்டிப் பெயரின் மயக்கத்தையும் நினைவூட்டும் படி. அடுத்து எந்த இயக்கி அட்டையோடு இணைந்துள்ளது, அது கெர்னலுக்குள் உள்ளதா, வெளியிலிருந்து வந்ததா என்று பார்க்கப்படுகிறது. இது 2003 முதல் 2010 வரையிலான போட்டி இயக்கிகளின் எச்சம். மூன்றாவதாகக் கெர்னல் பதிவேட்டில் ஃபர்ம்வேர் குறித்த வரி தேடப்படுகிறது. பின்னர் ஆர்எஃப்கில் கட்டளையால் வானொலி அணைக்கப்பட்டுள்ளதா என்று நோக்கப்படுகிறது. மடிக்கணினியில் அட்டை உள்ளமைந்தபோது அதனை அணைக்கும் பொத்தானும் உடன்வந்தது.

2013 ஜனவரியில் வெளிவந்த சிஸ்டம்டி 197 பதிப்பு, இடைமுகங்களுக்கு அவை பொருந்தியுள்ள இடத்தைக் கொண்டு பெயரிடும் முறையைப் புகுத்தியது. ஒன்றுக்கு மேற்பட்ட அட்டைகள் உள்ள கணினியில், தொடங்குந்தோறும் பெயர்கள் இடம்மாறும் சிக்கலை அது தீர்த்தது. பழைய பெயரை எழுதிவைத்திருந்த அமைவுக் கோப்புகளோ பயனற்றுப்போயின. ஆகவே பெயரைச் சரிபார்ப்பதும் ஒரு படியாயிற்று. பாதுகாப்பான தொடக்கமுறை கொண்ட கணினிகளில், கையொப்பமில்லாத வெளி இயக்கிகள் மறுக்கப்படுவதால் அதையும் நோக்கவேண்டியுள்ளது. இவையனைத்தும் சரியாக இருந்தும் தரவு நகராதபோது, குறுக்கீட்டு எண்ணிக்கை உயர்கிறதா என்னும் 1990களின் சோதனைக்கே பழுதறிபவர் திரும்புகிறார்.

இவ்வரிசையைக் காரணமறியாமல் மனப்பாடமாகப் பின்பற்றுபவர், ஒரு படி பொய்த்ததும் அடுத்துச் செய்வதறியாமல் நிற்பதுண்டு. ஒவ்வொரு படியும் எந்தச் சிக்கலுக்கு விடையாகப் பிறந்தது என்று அறிந்தவர், தம் கணினிக்குப் பொருந்தாத படிகளைத் தவிர்க்கவும் பொருந்துவதை முன்னதாகச் செய்யவும் முடிகிறது. கணினியியல் பாடத்தில் இவ்வரலாற்றுக்கு இடமளிப்பது இக்காரணத்தால் பயனுடையதாகும்.

முடிவுரை

லினக்ஸில் பிணைய அட்டை இயங்காமைக்குரிய காரணம் காலந்தோறும் இடம்மாறியுள்ளது. 1990களில் சில்லின் ஏடு திறந்திருந்தது. அட்டை இருக்குமிடம் அறியப்படாமையே சிக்கல். 2000களில் அட்டை தன்னை அறிவித்தது. சில்லின் ஏடு மூடப்பட்டது. 2010களில் இயக்கி திறந்தது. மூடிய பகுதி ஃபர்ம்வேரினுள் சென்றது.

ஏடு மூடப்பட்டபோது அதனை மீட்டெழுதும் உழைப்பைத் தன்னார்வலர்கள் ஏற்றனர். உற்பத்தியாளர்களின் மனமாற்றம் பெரும்பாலும் அவ்வுழைப்புக்குப் பின்னரே நிகழ்ந்தது. மூல நிரல் திறந்திருப்பது பழுதைத் தடுப்பதில்லை, பழுதின் காரணத்தைத் தேடிக் கண்டறிய இடமளிக்கிறது என்பதற்கு 2008ஆம் ஆண்டின் இ1000இ நிகழ்வு தக்க சான்று. தம் பணத்தில் வாங்கிய அட்டைக்குள் இயங்கும் நிரலை ஆராயும் உரிமை பயனருக்கு உண்டா என்னும் வினாவை டெபியனின் 2022 வாக்கெடுப்பு தீர்க்கவில்லை. நிறுவும்போது பயனர் வழியிழந்து நிற்கக்கூடாது என்பதை மட்டுமே அது உறுதிசெய்தது. ஃபர்ம்வேரின் உள்ளடக்கம் பெரும்பாலான அட்டைகளில் இன்னும் மூடியே உள்ளது.